ரயில் அருங்காட்சியகத்தில் படம் எடுப்போர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்லி சாணக்கியபுரியில் 1977ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஆர்வத்தோடு படம் எடுப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், 1875இல் வேல்ஸ் இளவரசரின் பயணத்துக்காக உருவான பெட்டியின் சன்னலுக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் கண்ணாடியில் ஒளி பட்டுத் தெறித்து, எடுப்பவரின் படமும் வீணாகி, பக்கத்தில் நிற்பவரின் கண்ணும் கூசுகிறது. லென்ஸைக் கண்ணாடிக்கு அருகில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஃபிளாஷ் இல்லாமலே உட்புறம் தெளிவாகப் பதியும்.

இங்கே காட்சியில் உள்ள பாட்டியாலா மோனோரயில் 1907இல் தொடங்கப்பட்டது; ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய அதன் எஞ்சின் சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டது. காண வேண்டியதே அந்தச் சக்கரம்தான்; அதை மறைத்துக்கொண்டு நெடுநேரம் செல்ஃபி எடுப்பதும், படத்துக்காகக் குழந்தைகளை எஞ்சின்மீது ஏற்றிவிடுவதும் எவ்வகையிலும் முறையல்ல. அறிமுகமில்லாதவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் படம் எடுப்பது அதைவிடத் தவறு.

இவற்றை விளக்கும் படக் குறிப்புப் பலகைகளை ஒவ்வொரு எஞ்சின் அருகிலும் வைக்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கரோல் பாக், டெல்லி