மணல்வாரி கப்பல்ல வந்த கதை

அம்மா,

குட்டிப்பயலுக்கு மணல்வாரி (தட்டம்மை) எறங்கி தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சுன்னு தம்பி வாய்ஸ் மெசேஜ் போட்டப்புறம்தான் நிம்மதி. நீ வாசல்ல வேப்பிலை சொருகிட்டு எதிர்வீட்டு சித்தியக்கூட உள்ள விடலன்னு சிரிச்சான், சிரிக்கட்டும், நீ செஞ்சதுதான் சரி. போன வாரம் லெவுகா போயிட்டு வந்ததுலேர்ந்து எனக்கு அதே நினைப்பு.

லெவுகா ஃபிஜியோட பழைய தலைநகரம், ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஃபிஜிக்காரர் எங்க ஊருன்னு கூட்டிட்டுப் போனார். கடலப் பாத்த மாதிரி ஒரே ஒரு கடைத்தெரு, பின்னாடியே மலை, அவ்ளோதான் ஊரு. 1874 அக்டோபர்ல இங்கதான் தக்கொம்பாவ்ங்கிற பெரிய தலைவரு நாட்ட பிரிட்டிஷ்காரன்கிட்ட எழுதிக் குடுத்தாரு. அப்புறம் சிட்னிக்கு விருந்தாளியா போனாரு, அங்க ஒட்டுனதுதான் மணல்வாரி. 1875 ஜனவரில டைடோங்கிற போர்க்கப்பல்ல திரும்பி வந்தப்ப அவருக்கு சரியாயிடுச்சு, மகனுக்கு ஆகல. நோய் இருக்குற கப்பல்னா மஞ்சக்கொடி ஏத்தி ஆள இறக்காம நிறுத்தணுமாம், நம்ம வேப்பிலை மாதிரிதான், அத யாரும் செய்யல. சொந்தபந்தம் எல்லாம் வந்து பாத்துட்டுப் போச்சு, அதே மாசம் ரேவா ஆத்தோரம் நவுசோவுல மலைநாட்டுத் தலைவருங்களுக்கு ஒரு கூட்டம் வேற, முடிஞ்சு ஆளுக்கொரு பக்கமா ஊருக்குப் போனாங்க, நோயும் கூடவே போச்சு.

நாலஞ்சு மாசத்துல சுமார் 40,000 பேர்மா. மொத்த ஜனமே ஒண்ணரை லட்சம்தான் இருக்கும்ங்கிறாங்க. அதுக்கு முன்னாடி அங்க யாருக்குமே அது வந்ததில்ல, அதனால கிழவன் கிழவி, பச்ச உடம்புக்காரி, வாலிபப் பசங்கன்னு ஊரே ஒண்ணா படுத்துடுச்சு. நீ பயலுக்கு கஞ்சியும் இளநியும் மாத்தி மாத்திக் குடுத்தேல்ல, அங்க எந்திரிச்சுப் போய் ஒரு வாய்த் தண்ணி கொண்டார ஆள் இல்ல. காய்ச்சல் தாங்காம ஓடையில போய்ப் படுத்தாங்களாம், அப்புறம் நெஞ்சு சளி, வயித்துக்கடுப்பு. வெள்ளக்காரன் வேணும்னே விட்டான்னு மலை ஜனங்க நம்புனாங்க, மறுவருஷம் அங்க சண்டையே நடந்துச்சு. அலட்சியம்தானே சார்னு நான் கேட்டேன், அவரு பதிலே சொல்லல, கடலயே பாத்துட்டு நின்னாரு.

இன்னொண்ணு கேளு. ஜனம் இப்படிக் கொறஞ்சிட்டதால ஃபிஜிக்காரங்கள கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாதுன்னு புது கவர்னர் முடிவு பண்ணிட்டாரு, அதான் நம்ம நாட்டு ஆளுங்களக் கூட்டியாந்தாங்க. 1879 மே மாசம் முதல் கப்பல் வந்துச்சு, அதுல காலராவும் பெரியம்மையும் இருந்துச்சு, உடனே எல்லாரையும் பக்கத்துக் குட்டித்தீவுல ஒதுக்கி வெச்சாங்க. தலைவர் வந்த கப்பலுக்கு இல்லாத காவல் கூலிங்க வந்த கப்பலுக்கு! மெட்ராஸ்லேர்ந்து கப்பல் 1903லதான், அவங்க வழியில வந்தவங்கதான் இங்க இப்போதைய தலைநகரம் சுவாவுல மாரியம்மன் கோயில்ல தீமிதி நடத்துறாங்க. பயல் பேர்ல அங்க ஒரு அர்ச்சனை பண்ணிட்டேன்.

2019ல பக்கத்து நாடு சமோவாவுல இதே நோய்ல 83 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் சின்னப் புள்ளைங்க. பெரியவளுக்கு ரெண்டாவது ஊசி போட்டாச்சான்னு தம்பிகிட்ட கேளு, அட்டைய ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, மறந்துடுவான்.