நம்ம தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு: டுசேபிள் மியூசியம் ட்ரிப்ப திரும்பக் குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு மீட்டிங்ல என்ன முடிவாச்சுனு உங்களுக்கே தெரியும். சிகாகோ சவுத் சைடுல இருக்குற, கறுப்பு மக்களோட வரலாறச் சொல்ற டுசேபிள் மியூசியம் கேன்சல், அதே தேதியில அதே பஸ்ல வாட்டர் பார்க். சொன்ன காரணம் ரெண்டு, சவுத் சைடு சேஃப் இல்ல, அப்புறம் "அது நம்ம வரலாறு இல்லயே".

என் கிளாஸ் பிள்ளைங்க ரெண்டு மாசமா என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு வந்து பாத்திருக்கீங்களா? ஆளுக்கொரு பழைய பொருள் வீட்லேர்ந்து கொண்டு வந்து, அதப் பத்தி தமிழ்ல நாலு வரி எழுதணும், அதான் ப்ராஜெக்ட். ஒரு பொண்ணு அவங்க ஆச்சியோட பித்தளை உழக்கு கொண்டு வந்தா, விளிம்பு நசுங்கி, அடியில ஆச்சி பேரு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கு. 'ழ' சரியா வரலன்னு அந்த அட்டைய மூணு தடவ எழுதினா. நேத்து வந்து "எப்போ மிஸ் போறோம்"னு கேக்குறா, நான் என்ன சொல்லட்டும்?

இந்த ப்ராஜெக்ட்டே அந்த மியூசியத்த வெச்சுதான் யோசிச்சது. 1961ல மார்கரெட் பரோஸ்னு ஒரு ஆர்ட் டீச்சரும் அவங்க வீட்டுக்காரர் சார்ல்ஸும், சவுத் மிச்சிகன் அவென்யூல தாங்க குடியிருந்த வீட்டு கீழ்த்தளத்துல, சேத்து வெச்சிருந்த படம், புத்தகம், சிலை எல்லாத்தையும் வெச்சு ஊருக்கே கதவ தொறந்து விட்டாங்க. ஸ்கூல் புக்ல தங்களோட கறுப்பு சனங்களப் பத்தி ஒண்ணும் இல்லன்னு புலம்பிட்டு உக்காரல. 1968ல டுசேபிள் பேர வெச்சாங்க, இந்த ஊர்ல வெளியிலேர்ந்து வந்து முதல்ல நிலையா குடியேறின கறுப்பர் அவரு, நாம தினம் ஓட்டுற லேக் ஷோர் டிரைவுக்கும் 2021லேர்ந்து அவர் பேருதான். 1973ல வாஷிங்டன் பார்க்குல பழைய பார்க் ஆபீஸ் கட்டடத்துக்கு மாறுற வரைக்கும் மியூசியம் அந்த வீட்லதான் இருந்துச்சு. இன்னிக்கு அங்க 15,000 பொருளுக்கு மேல இருக்கு. இதெல்லாம் ஒரு வாத்தியாரம்மா வீட்ல ஆரம்பிச்சதுங்க!

சேஃப்டினு சொல்றீங்க, சரி. போன வருஷம் சயின்ஸ் மியூசியத்துக்கு இதே குழுதான கூட்டிட்டுப் போச்சு? அதுவும் சவுத் சைடுதான், அங்கேர்ந்து இது ரெண்டு மைலுக்குள்ள. அப்போ யாருக்கும் வராத பயம் இப்போ ஏன் வருது?

நம்ம வரலாறு இல்லன்னு சொன்னவங்களுக்கு ஒண்ணு. கறுப்பு மக்கள் ரோட்ல அடி வாங்கி, ஜெயிலுக்குப் போயி 1964ல சிவில் உரிமைச் சட்டத்தக் கொண்டு வந்தாங்க. அந்த வேகத்துலதான் அடுத்த வருஷமே, ஆசியாக்காரங்கள வாசல்லயே நிறுத்தி வெச்சிருந்த, நாட்டுக்கு இத்தன பேருதான்ங்கிற பழைய அமெரிக்க குடியேற்ற கோட்டா போச்சு. நம்ம பெரியவங்க விசா வாங்கி வந்து எறங்கினது அதுக்கப்புறம்தான். கீழடியப் பத்தி நாள் பூரா வாட்ஸ்அப்ல பெருமையா ஃபார்வர்ட் பண்றோம், பக்கத்து வீட்டுக்காரங்க பாடுபட்டு காப்பாத்தின வரலாறுன்னா நமக்கு எதுக்குன்னு கேக்குறோம், எனக்கு மனசு ஆறவே இல்ல.

கோவத்துல ஏதாச்சும் அதிகமா பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க. இந்தப் பள்ளிக்கு நீங்க செய்யுறது எனக்குத் தெரியும். ஆனா அந்த ட்ரிப் வேணும். பஸ் காசுதான் பிரச்சனைனா பெத்தவங்ககிட்ட நானே பேசி வசூல் பண்றேன், கூட வர ஆறு அம்மாக்கள் ரெடி. வர்ற ஞாயிறு மீட்டிங்ல இத முதல்ல எடுத்து, ஒரு தேதி மட்டும் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு நான் பதில் சொல்லணும்.