முதல் வாட்டர் கூலிங்குக்குக் கேபினெட் தேடுகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாகக் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் ஒரே கேள்வியோடு வருகிறீர்கள்: முதல்முறையாகக் கஸ்டம் வாட்டர் கூலிங் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி இணைத்து, கம்ப்யூட்டரைத் தண்ணீர் ஓட்டிக் குளிர்விப்பது) செய்யப் போகிறேன், எந்தக் கேபினெட் எடுக்கலாம்? ரிச்சி தெரு நெரிசலில் கல்லாவுக்கு முன்னால் நின்றபடி இதற்கு முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்று. கேபினெட்டை முதல் பொருளாக வாங்காதீர்கள். விற்கிற ஆளே இப்படிச் சொல்லலாமா என்று தோன்றும். வாங்கிப்போன கேபினெட் மற்ற பாகங்களுக்குப் பொருந்தாமல் ஒரு வாரத்தில் கீறலோடு திரும்பி வந்தால் உங்களுக்கும் மனவருத்தம், எங்களுக்கும் நஷ்டம்.

இந்தத் தப்பை நாங்களே செய்திருக்கிறோம். கடையில் காட்சிக்கு வைக்கக் கட்டிய முதல் மெஷினுக்கு எடுத்த கேபினெட்டின் அட்டைப்பெட்டியில், மேல்பக்கம் 360 ரேடியேட்டர் (சூடான தண்ணீரை ஃபேன் காற்றில் ஆறவைக்கும் பாகம்) பொருந்தும் என்று அச்சிட்டிருந்தது. பொருந்தத்தான் செய்தது. அதன் அடியில் ஃபேனை மாட்டியதும் ஃபேன் நேராக ரேம் மேல் போய் இடித்தது. ரேமைக் கழற்றினால் ஃபேன் உட்காருகிறது, ரேமைப் போட்டால் ஃபேனுக்கு இடமில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் உயரம் குறைந்த ரேமை எடுத்துப் போட்டோம்.

அட்டைப்பெட்டியில் இருந்தது பொய் என்று சொல்லமாட்டேன். அதில் போடும் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக உண்மை. மேலே 360, முன்னால் 360, கிராபிக்ஸ் கார்டு இத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றையும் மற்றது இல்லாதபோது அளந்து போடுகிறார்கள். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் திணிக்கிறோம்.

ஆகவே இன்ச் டேப்பை எடுங்கள். மெலிந்த ரேடியேட்டர் ஒன்றின் தடிமன் சுமார் 30 மி.மீ. சாதாரண ஃபேன் 25 மி.மீ. சேர்த்தால் 55. கேபினெட்டின் கூரையிலிருந்து மதர்போர்டின் மேல் விளிம்புவரை அந்த 55 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தலைவலி இல்லை. இல்லையென்றால் ஃபேன் போர்டின் மேல் கவிழ்ந்து நிற்கும். அப்போது ரேம் உயரம், விஆர்எம் (ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் இருக்கும் ஹீட்சிங்கின் உயரம் எல்லாம் கணக்கில் வரும். விளக்கு எரியும் ரேம் பல 44 மி.மீ. உயரம். கோர்சேர் வென்ஜன்ஸ் எல்பிஎக்ஸ் மாதிரி விளக்கில்லாதது 31 தான். சில கேபினெட்டுகளில் ரேடியேட்டர் மாட்டும் துளைகளைக் கண்ணாடிப் பக்கமாகத் தள்ளி அடித்திருப்பார்கள், அது பெரிய உதவி. இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம்: ப்ராசஸருக்குப் போகும் பவர் கனெக்டர் போர்டின் மேல் விளிம்பில்தான் இருக்கிறது. அதைச் சொருக விரல் நுழைய வேண்டும். ரேடியேட்டரை மாட்டிய பிறகு அங்கே ஸ்க்ரூ டிரைவர்கூடப் போகாது, எனவே அந்த ஒயரை முதலில் சொருகிவிடுங்கள்.

நீளத்திலும் ஒரு ஏமாற்றம் உண்டு. 360 என்றால் 120 மி.மீ. ஃபேன் மூன்று என்று பொருள். ரேடியேட்டரின் இரு முனைகளிலும் தண்ணீர் திரும்பும் தொட்டி இருப்பதால் மொத்த நீளம் ஏறத்தாழ 400 மி.மீ. வந்துவிடும். அதன் வாயில் ட்யூபை இணைக்கும் ஃபிட்டிங் மாட்டி ட்யூபை வளைக்க வேறு இடம் வேண்டும். முன்பக்கம் வைத்தால் அதே 55 மி.மீ. கிராபிக்ஸ் கார்டின் நீளத்துக்கான இடத்திலிருந்து கழியும். பம்பும் ரிசர்வாயரும் (தண்ணீர் சேர்த்து வைக்கும் தொட்டி) வழக்கமாக நிற்பதும் அதே இடைவெளியில்தான். ஒரே நாற்காலிக்கு மூன்று பேர் துண்டு போடுகிற கதை.

எத்தனை ரேடியேட்டர் வேண்டும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. எங்கள் கைக்கணக்கு, 100 வாட்டுக்கு ஒரு 120 அளவு. ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர் 120 வாட், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு 200 வாட், ஆக 320. ஒரு 360 ஏறக்குறையச் சமாளித்துவிடும், கூட ஒரு 240 இருந்தால் ஃபேன் சத்தம் அடங்கும். கோர் ஐ9 14900கே 253 வாட்வரை போகும், ஆர்டிஎக்ஸ் 4090 450 வாட். இந்த ஜோடிக்கு இரண்டு 360 வைத்தாலும் கொஞ்சம் இறுக்கம்தான்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை அறைக் காற்றைவிடக் குளிராக்காது. 21 டிகிரி அறையில் தண்ணீர் காற்றைவிட 10 டிகிரி கூடுதலாக இருந்தால் 31. மே மாதத்தில் ஏசி இல்லாத நம் வீட்டு அறை 35 என்றால் அதே மெஷினில் 45. விளையாட்டு மும்முரத்தில் இன்னும் ஏறும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் ட்யூப் சூட்டில் இளகும் பொருள், 60 டிகிரிப் பக்கம் தண்ணீரைப் போகவே விடக்கூடாது. ஆகவே நம் ஊருக்கு ஒரு ரேடியேட்டர் கூடுதலாகவே நினைத்துக் கேபினெட் பாருங்கள். சென்னை ஈரப்பதத்துக்கு உள்ளே வேர்த்துக் கொட்டாதா என்று பலர் கேட்கிறீர்கள். கொட்டாது. தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கிறது, ஐஸ் போட்ட டம்ளர் மாதிரி வெளியே துளிர்க்க வழியில்லை.

சரி, எந்த மாடல்? அதிகம் கேட்கப்படுவது லியன் லி ஓ11 டைனமிக். 2018இல் வந்தது, ஜெர்மனியின் ஓவர்கிளாக்கர் (ப்ராசஸரை வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டுகிறவர்) டெர் பவுவரோடு (der8auer) சேர்ந்து வடிவமைத்தது. மேல், பக்கம், அடி என மூன்று இடத்தில் 360 போகும். எஸ்எம்பிஎஸ்ஸும் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை) ஒயர் குப்பையும் பின் அறைக்குப் போய்விடுவதால் முன் அறையில் கை தாராளமாக நுழைகிறது. முதல் முயற்சிக்கு அந்தத் தாராளம்தான் முக்கியம், என்னைக் கேட்டால் இதையோ இதே அமைப்பில் வந்த வேறொன்றையோதான் சொல்வேன். ஆனால் அகலம் 272 மி.மீ., கிட்டத்தட்ட 10¾ அங்குலம். பழைய கம்ப்யூட்டர் டேபிளில் சிபியுவுக்கென்று விட்டிருக்கும் அறைக்குள் நுழையாமல் தரையில் வைத்தவர்கள் உண்டு. அடியில் ஃபேன் இருக்கும் பெட்டி தரையில் நின்றால் வீட்டுத் தூசியெல்லாம் அதற்குத்தான்.

ஃப்ராக்டல் டிசைன் டாரன்ட் காற்றோட்டத்துக்கு அருமையானது. ஆனால் எஸ்எம்பிஎஸ் மேலே உட்காருவதால் மேல்பக்கம் ரேடியேட்டர் கிடையாது, பெரிய ரேடியேட்டர் முன்பக்கமோ அடியிலோதான். அதைத் தெரிந்தே எடுங்கள். ஐடிஎக்ஸ் அளவுக் குட்டிப் பெட்டிகளை முதல் மெஷினுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். கேட்டால் விற்பேன், அப்புறம் திட்டக்கூடாது.

யாருமே கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது: தண்ணீரை எப்படி ஊற்றுவீர்கள், எப்படி இறக்குவீர்கள்? வருடத்துக்கு ஒருமுறையாவது கூலன்ட்டை (உள்ளே ஓடும் குளிர்விப்புத் திரவம்) மாற்ற வேண்டிவரும். ரிசர்வாயர் மூடிக்கும் கூரைக்கும் நடுவே பாட்டில் மூக்கு நுழைய இடம் விடுங்கள், அல்லது மேல் மூடி கழன்று வருகிற கேபினெட்டாகப் பாருங்கள். லூப்பின் (தண்ணீர் சுற்றிவரும் பாதை) ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வால்வு வையுங்கள், அதைத் திருகக் கை போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பம்ப் ரிசர்வாயருக்குக் கீழே இருக்க வேண்டும், உலர்ந்து ஓடினால் பம்ப் போய்விடும். முதல் சோதனையில் போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, ஃபிட்டிங் அடியில் எல்லாம் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்ப்போம். பக்கக் கதவுகள் சுலபமாகக் கழலும் கேபினெட்டில் இது அரைமணி வேலை.

பெட்ரோல் பங்க் பேட்டரி தண்ணீர் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு: உள்ளே அலசிக் கழுவ எடுத்துக்கொள்ளுங்கள், லூப்பில் நிரந்தரமாக ஊற்றக் கூலன்ட்டே வாங்குங்கள். செம்பு பிளாக்கோடு (ப்ராசஸர், கார்டு மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாகம்) மலிவு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், அரிக்கும்.

கடையில் தெர்மாகோலை ரேடியேட்டர் அளவுக்கு வெட்டிவைத்திருக்கிறோம். ஃபேனையும் சேர்த்து 360க்கு ஒரு கட்டை, 240க்கு ஒன்று. திறந்து வைத்த கேபினெட்டில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். வரும்போது போர்டு, கார்டு மாடல் பெயர்களை எழுதி, முடிந்தால் ரேமையும் கழற்றி எடுத்து வாருங்கள். சனிக்கிழமை மாலையில் நிற்கவே இடமிருக்காது. வாரநாளில் காலை 11 மணிவாக்கில் வந்தால் டீ குடித்துக்கொண்டே நிதானமாக அளந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்