குருசடைத் தீவுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமேஸ்வரம் சுற்றுலாவோடு, பாம்பனுக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் இருக்கும் பவளத் தீவான குருசடைத் தீவையும் சேர்க்க நினைக்கும் ஆசிரியர்களே, வணக்கம்.

முதலில் காற்றை விசாரியுங்கள். தேதியைப் பிறகு குறியுங்கள். பாம்பன் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். குருசடைக்குப் படகு புறப்படும் குந்துகால் தென்கடல் கரை. மே மாதம் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும். அதே நாளில் வடகடல் குளம்போலக் கிடக்கும். வடகடல் பக்கமுள்ள அக்னி தீர்த்தத்தில் அலையே இல்லையே என்று நம்பிப் பேருந்தைக் குந்துகாலுக்குத் திருப்புகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். படகு விட மறுக்கும் வனத்துறை ஊழியரிடம் தயவுசெய்து வாதாடாதீர்கள்.

அரையாண்டு விடுமுறையில் சிக்கல் வேறு. வாடைக் காலத்தில் தென்கடலில் அலை குறைந்திருக்கலாம். ஆனால் மழை பெய்து தண்ணீர் கலங்கினால் கடலடிப் பவளத்தைப் பார்க்க ஏறும் கண்ணாடி அடிப்படகில் பச்சைக் கலங்கல்தான் தெரியும். ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை விட்டு, அஷ்டமியை ஒட்டிய நாட்களாகப் பாருங்கள். நீரோட்டம் தணிந்து மணல் அடங்கியிருக்கும். நேரம், வெயில் நன்றாக ஏறிய பிறகு, கடற்காற்று எழுவதற்கு முன்.

படகுகள் குறைவு, இருக்கைகளும் குறைவு. ஒரு பேருந்துப் பிள்ளைகள் ஒரே நடையில் போக முடியாது. வனத்துறையிடம் முன்கூட்டியே எண்ணிக்கையைச் சொல்லி, குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் குழுவை அருகிலிருக்கும் விவேகானந்தர் நினைவிடத்தில் உட்கார வைக்கலாம். 1897 ஜனவரி 26 அன்று அவர் கரையிறங்கிய இடம் குந்துகால்தான்.

காலையில் பூரி வேண்டாம், இட்லி போதும். ஆடும் படகில் குனிந்து கண்ணாடியையே பார்த்தால் தலை சுற்றும்; சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிமிர்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உயிர்காப்பு உடுப்பின் வார்களை ஒவ்வொரு பிள்ளைக்கும் நீங்களே இழுத்துப் பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கும்போது உடுப்பு காதுவரை ஏறினால் வார் தளர்வு, அல்லது அளவு பெரிது.

விலங்கியல் பாடத்தில் வரும் பலனோகிளாசஸைக் காட்டுவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். புழுப் போன்ற அந்த அரைநாணி மணலுக்குள் புதைந்து வாழ்வது. மணலை விழுங்கி அது வெளியேற்றும் சுருள் சுருளான மணற்குவியல், ஆழமில்லாத இடத்தில் கண்ணில் படலாம். அதைக் காட்டினாலே பாடம் பாதி புரிந்துவிடும். தோண்டிப் பார்க்கக் கூடாது.

உடைந்து ஒதுங்கிய பவளத் துண்டையும் யாரும் பையில் போடக் கூடாது. குருசடை, 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப் பார்களைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்ததே பெருங்காரணம். இதைப் படகில் ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள். ஏறிய பிறகு யார் காதிலும் விழாது.

தென்கடல் கைவிட்டால் தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு இருக்கிறது. அது வடகடல் கரை. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். தென்மேற்குக் காற்று நாட்களில் அங்கே பெரும்பாலும் அமைதிதான். புறப்படும் முன் அங்கேயும் பேசி வைத்துவிடுங்கள்.