ஓஹையோ டேட்டனில் இருக்கும் மகனுக்கு, ரிமோட் விமானம் பழகுவது பற்றி

அன்புள்ள தம்பி,

நீ வாங்கிய ரிமோட் விமானத்தின் மூன்று படங்களும் வந்தன. மேலிறக்கை, ஃபோம் உடம்பு, இறக்கை நீளம் ஒன்றேகால் மீட்டர், நாலு சேனல் (தனித்தனியாக நாலு கட்டுப்பாடு), பேட்டரியோடு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பழகுவதற்கு இதுதான் சரி. போர் விமானம் மாதிரி இருப்பதெல்லாம் கடையில் கண்ணை இழுக்கும், அதற்கு இப்போது அவசரமில்லை. உன்னுடையதில் இரண்டு பக்க இறக்கையும் நுனியை நோக்கி லேசாக மேலே ஏறியிருக்கிறது பார். சாய்ந்தால் தானாக நிமிரப் பார்ப்பது அந்த ஏற்றத்தால்தான். எடை கீழே தொங்குவதால் என்று பலர் சொல்வார்கள், அது வெறும் கொசுறு.

பின்னாலிருந்து எடுத்த படத்தில் ப்ரொப்பெல்லர்மேல் 9×6 என்ற அளவு எழுத்து தெரிகிறது. அது அங்கிருந்து தெரியக் கூடாது. எழுத்து எப்போதும் விமானம் போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். நீ திருப்பி மாட்டியிருக்கிறாய். இப்படியும் சுற்றும், காற்றும் பின்னால்தான் அடிக்கும், அதனால் கையில் பிடித்துப் பார்க்கும்போது சந்தேகமே வராது. ஆனால் இழுவை வெகுவாகக் குறைந்துவிடும். எறிந்ததும் ஏறாமல் நாற்பது அடி தள்ளிப் போய்ப் புல்லில் படுத்துக்கொள்ளும். நட்டைக் கழற்றித் திருப்பி மாட்டு. மேஜைமேல் செய்யும் மற்ற வேலைகள் முடியும்வரை மாட்டாமலே இருந்தால் இன்னும் நல்லது. இந்தப் பொழுதுபோக்கில் விரலைக் கிழிப்பது ப்ரொப்பெல்லர்தான்.

அடுத்த தப்பு பேட்டரி. விமானத்துக்குள் அதற்கென்று இருக்கும் அறையின் பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. விமானம் சமமாக நிற்கும் எடை நடுப்புள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விழ வேண்டும். அகலம் 20 செ.மீ. என்றால் 5 முதல் 6.5 செ.மீ. வரை. கையேட்டில் ஓர் அளவு போட்டிருப்பான், அதையே வைத்துக்கொள். இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வை. பேட்டரியை உள்ளே வைத்து மூடி, இரண்டு ஆள்காட்டி விரலையும் புள்ளியில் கொடுத்துத் தூக்கு. மூக்கு ஒரு பொட்டு தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கு கனத்தால் விமானம் சோம்பேறியாகப் போகும், இறங்கும்போது வேகம் கூடும், அவ்வளவுதான். வால் கனத்தால் வாலில் மேலும் கீழும் அசையும் பலகையான எலிவேட்டரை மயிரிழை தொட்டாலும் எகிறும், பிறகு குப்புறப் பாயும். கை பழகியவர்களுக்கே பிடி கொடுக்காது. ஈயக்கட்டி எதுவும் ஒட்ட வேண்டியதில்லை, பேட்டரியை முன்னால் தள்ளினாலே சரியாகிவிடும். சரியான இடம் கிடைத்ததும் அறையின் தரையில் மார்க்கரால் கோடு போட்டுவிடு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரட்டும்.

அந்தப் பேட்டரி மூன்று செல், 11.1 வோல்ட், 2200 எம்.ஏ.எச். லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர். செல் நிறைந்தால் 4.2 வோல்ட். சின்ன வெள்ளை பிளக்கையும் சேர்த்து மாட்டி, எல்லா செல்லும் சமமாக நிறையும் பேலன்ஸ் முறையில், 2.2 ஆம்பியருக்கு மேல் போகாமல் சார்ஜ் செய். உன் வீடு முழுக்க கார்ப்பெட் என்றாயே, அதன்மேல் ஒருநாளும் வைக்காதே. சமையலறையில் டைல்ஸ்மேல், தீப்பிடிக்காத பைக்குள், நீ விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உப்பிப்போனதை இன்னும் ஒரே ஒரு தடவை என்று பயன்படுத்தாதே, வீட்டுக் குப்பையிலும் போடாதே. பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடு. ஒரு வாரத்துக்கு மேல் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வை, சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று இருக்கும். ஓஹையோ குளிரில் லைப்போ சுணங்கிவிடும், பறக்கும்வரை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொள்.

ரிமோட்டை முதலில் போடு, பிறகு விமானத்தில் பேட்டரியை இணை. முடிக்கும்போது தலைகீழ்: பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் ரிமோட்டை அணைப்பது. விமானத்தின் பின்னால் நின்று பார். வலது ஸ்டிக்கை உன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். வலப்பக்கம் தள்ளினால், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகளான அய்லரான்களில் வலது மேலே, இடது கீழே. இடது ஸ்டிக்கை வலப்பக்கம் நகர்த்தினால் ரட்டர், அதாவது செங்குத்து வாலின் பலகை, வலப்பக்கம். இதில் ஒன்று தலைகீழாக இருந்தாலும் முதல் பறத்தல் மூன்று வினாடியில் முடிந்துவிடும். அய்லரான்தான் அடிக்கடி ஏமாற்றும், அசைகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் விட்டுவிடுவார்கள். ரிமோட்டில் எக்ஸ்போ 30 சதவீதம் வை, நடுவில் ஸ்டிக் மிருதுவாக இருக்கும். ப்ரொப்பெல்லரை மாட்டுவதற்கு முன்பே, மோட்டார் மெதுவாக ஓடும்போது ரிமோட்டை அணைத்துப் பார், மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பைண்ட் செய்வதை, அதாவது ரிமோட்டையும் விமானத்தையும் இணைப்பதை, மறுபடி செய், அதுவரை வெளியே எடுத்துப் போகாதே. களத்தில் ரேஞ்ச் செக் முறையில் முப்பது தப்படி நடந்து போய் எல்லாம் அசைகிறதா என்று பார்.

சட்ட விஷயம் சுருக்கமாக. 250 கிராமுக்கு மேல் இருப்பதால் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வில் பதிய வேண்டும், 5 டாலர், மூன்று வருடத்துக்கு. அந்த எண்ணை விமானத்தின் வெளிப்பக்கம் எழுது. ட்ரஸ்ட் என்று ஒரு இலவசத் தேர்வு ஆன்லைனில் இருக்கிறது, எழுதிவிட்டுச் சான்றை போனில் வைத்துக்கொள். உயரம் 400 அடிக்குள், எப்போதும் கண் பார்வையில். விமானத்தின் அடையாளத்தை ரேடியோவில் அறிவிக்கும் ரிமோட் ஐ.டி. கருவி இல்லாமல் பறக்க வேண்டும் என்றால் எஃப்.ஏ.ஏ. அதற்கென்று ஒதுக்கிய களத்தில்தான் முடியும், அவற்றில் நிறைய மாடல் விமான கிளப்புகளின் களங்கள். உன் ஊர்ப் பக்கம் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளம் இருக்கிறது, வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் விடலாமா என்று யோசிக்கவே வேண்டாம். கிளப்புக்குப் போ. அங்கே இரண்டு ரிமோட்டை இணைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். உன் கையில் தடுமாறினால் சொல்லிக் கொடுப்பவர் ஒரு சுவிட்சைத் தட்டித் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பழகினால் மூன்று விமானம் மிச்சம்.

இனிமேல் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதமே. பயந்தால் ஸ்டிக்கை இழுக்காதே.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக்கில் முதலில் பறந்தது 12 வினாடி, 120 அடி, நேராக. திரும்பப் பழகியதெல்லாம் உன் ஊருக்குப் பக்கத்தில், ஹஃப்மன் பிரெய்ரி என்ற மாட்டு மேய்ச்சல் வெளியில். இப்போது அது அந்த விமானப்படைத் தள எல்லைக்குள் இருக்கிறது. முதல் முழு வட்டம் 1904 செப்டம்பர் 20 அன்று. அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் ஒரு வருடம் விடவில்லை: வட்டத்தை இறுக்கினால் ஒரு பக்க இறக்கை தாழ்ந்து, நிமிர்த்தப் பார்த்தாலும் நிமிராமல் சரியும். 1905 செப்டம்பர் கடைசியில் ஆர்வில் ஒரு முள்மரத்தைச் சுற்றி வரும்போது அதே மாதிரி சரிந்தது. முள்ளில் விழுவதற்குத் தரையே மேல் என்று மூக்கைக் கீழே தள்ளினார். இறக்கை மரத்தில் உரசியது, ஆனால் இயந்திரம் நிமிர்ந்துகொண்டது. அக்டோபர் 5 அன்று வில்பர் அதே வெளியில் 39 நிமிடம், 24 மைல் சுற்றினார்.

அங்கே நடந்தது ஸ்டால். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டினால் காற்று மேற்பரப்பை ஒட்டிப் போகாமல் பிய்த்துக்கொள்ளும், தூக்கும் சக்தி சட்டென்று விழுந்துவிடும். மோட்டார் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மோட்டார் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் ஆகும். அறிகுறி இதுதான்: மூக்கு தூக்கியபடி விமானம் மெதுவாகும், ஸ்டிக்குக்குச் சரியாகப் பதில் சொல்லாது, இறக்கைகள் லேசாக ஆடும், பிறகு ஒரு பக்கம் தடாலென்று விழும். விழுகிறதே என்று கை தானாக இழுக்கும். இழுத்தால் கோணம் இன்னும் கூடும், இன்னும் விழும். செய்ய வேண்டியது எதிர்மாறு: ஸ்டிக்கை முன்னால் விடு, மூக்கு தாழட்டும், மோட்டார் வேகத்துக்கான த்ராட்டிலைக் கூட்டு, வேகம் வந்ததும் நிதானமாக நிமிர்த்து. இதை வேண்டுமென்றே பழகிப் பார். நாற்பது ஐம்பது மீட்டர் உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து, மெதுவாக இழுத்துக்கொண்டே இரு, அது விழட்டும், விடுவி. ஒரு பேட்டரிக்கு நாலு முறை. கை கற்றுக்கொள்வது அப்படித்தான், படித்து அல்ல.

அதற்கு முன்னால் சிமுலேட்டரில் எட்டுப் பத்து மணி நேரம் உட்கார், உன் ரிமோட்டையே கம்ப்யூட்டரில் செருகி. அங்கே பழக வேண்டியது விமானம் உன்னை நோக்கி வருவதைத்தான். விலகிப் போகும்போது எல்லோரும் ஓட்டிவிடுவார்கள். எதிரே வரும்போது இடம் வலமாகும், அங்கேதான் மூளை குழம்பும். யோசிக்காதே, எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைக் கொடு, சாயும் பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது போல. இது மட்டும் கைக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய்.

உன் ரிமோட்டில் மூன்று நிலை சுவிட்ச் இருக்கும், விமானத்தைத் தானே நிமிர்த்தி வைக்கும் வசதி. முதல் ஐந்தாறு தடவை அதைப் போட்டுக்கொள், தப்பே இல்லை. அதிலேயே மாதக்கணக்கில் ஓட்டினால் ஸ்டிக் பிடிக்கத்தான் தெரியும், விமானம் ஓட்டத் தெரியாது.

காற்று மணிக்கு 12 கிலோமீட்டருக்குள் இருக்கும் நாளாகப் பார். புல் நுனி அசையலாம், கிளை ஆடக் கூடாது. வெயிற்காலம் என்றால் காலை ஆறு ஏழு மணி உத்தமம். சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கையால் எறிவதானால் முக்கால் த்ராட்டில் கொடுத்து, காற்றுக்கு எதிராக, மட்டமாக அல்லது இம்மி மேல்நோக்கி, இறக்கை இரண்டும் சமமாக இருக்கும்படி தள்ளிவிடு. வானத்தைப் பார்த்து ஈட்டி எறிவது போல எறிந்தால் கையை விட்டதுமே ஸ்டால்தான். நேராக ஏறி முப்பது மீட்டர் போன பிறகு, அதாவது பத்து மாடிக் கட்டட உயரத்தில், த்ராட்டிலைப் பாதியாக்கி, ஸ்டிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் டிரிம் பொத்தானால் திருத்து: ஸ்டிக்கை விட்டால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒவ்வொரு கிளிக்காக. கையை எடுத்தாலும் நேராகப் போக வேண்டும்.

திருப்பத்துக்கு 20, 30 டிகிரி சாய்த்தால் போதும். சாய்த்ததும் அய்லரானை நடுவுக்குக் கொண்டுவந்து எலிவேட்டரை ஒரு சிட்டிகை இழு. சாய்ந்த இறக்கை தூக்குவதில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுவதால் அந்தச் சிட்டிகை வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். எட்டு வடிவம் போட்டுப் பழகு, அப்போதுதான் இரண்டு பக்கத் திருப்பமும் வரும். காற்றோடு சேர்ந்து போகும்போது தரையில் பார்க்க வேகம் அதிகமாகத் தெரியும், அதைப் பார்த்து த்ராட்டிலைக் குறைத்துவிடாதே. ரிமோட்டில் ஆறு நிமிட அலாரம் வை. இந்தப் பேட்டரி எட்டு நிமிடம் கூடத் தாங்கும், ஆனால் இறங்கும்போது ஒருமுறை தப்பினால் மறுபடி சுற்றி வர மிச்சம் வேண்டும்.

இறக்குவதற்குப் பதினைந்து இருபது மீட்டர் உயரத்தில் களத்தை ஒட்டிக் காற்றோடு போய், இரண்டு திருப்பம் போட்டு, காற்றுக்கு எதிராக வா. த்ராட்டில் கால் பங்கு. உயரம் பத்தாவிட்டால் த்ராட்டிலைக் கூட்டு, எலிவேட்டரை இழுத்து எட்டிப் பிடிக்கப் பார்க்காதே. இங்கேதான் நிறைய விமானங்கள் களத்துக்குப் பத்தடி முன்னால் மூக்குக் குத்தி நிற்கும். முழங்கால் உயரம் வந்ததும் த்ராட்டிலை முழுக்க மூடி, லேசாக இழு. எங்கே மோதினாலும் உன் முதல் அசைவு த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதாக இருக்கட்டும். ப்ரொப்பெல்லர் புல்லில் சிக்கி நிற்கும்போது மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை பொசுங்கிவிடும்.

விழாமல் யாரும் பழகுவதில்லை. உன்னுடையது ஈ.பி.ஓ. ஃபோம், சப்பையானால் கொதிக்கும் வெந்நீரை ஊற்று, பெரும்பாலும் உப்பி வந்துவிடும். உடைந்தால் ஃபோமுக்கான சூப்பர் குளூ அல்லது ஐந்து நிமிட எபாக்ஸி. வெள்ளைத் தெர்மாகோல் மாதிரி ஃபோமில் சாதாரண சூப்பர் குளூ பட்டால் அரித்துக் குழியாக்கிவிடும், வேறு விமானம் வாங்கும்போது ஞாபகம் வைத்துக்கொள். ப்ரொப்பெல்லரில் நகக்கீறல் அளவு விரிசல் தெரிந்தாலும் தூக்கிப் போடு, ஒட்டாதே. 9×6 நாலு வாங்கி வை. ஒவ்வொரு விழுகைக்குப் பிறகும் மோட்டார் தாங்கியைக் கையால் ஆட்டிப் பார்.

பேட்டரியை முன்னால் நகர்த்திவிட்டு, விரல்மேல் நிற்கும்போது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. ப்ரொப்பெல்லர் எழுத்தும் தெரிய வேண்டும், முன்னாலிருந்து.

அன்புடன்,
அம்மா