கழுவிய மண்வெட்டி

கும்பகோணம்

அன்புள்ள ராஜாராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே, மருத்துவர்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளிகள். இங்கே சம்பாவுக்குக் களை பறிக்கிறார்கள், அரசலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறது.

கஞ்சா அடித்துவிட்டு வெட்டியவனைப் பைத்தியம் என்று சொல்லி விடுவித்துவிடுவீர்களா என்று கேட்டிருந்தாய். கோபம் நியாயமானதுதான். ஆனால் இலவச சட்ட உதவியில் அந்த வழக்கு என்னிடமே வந்திருக்கிறது. அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பையனுக்கு 23 வயது. கடைசி ஒரு மாதமாகச் சித்தப்பா சோற்றில் பூச்சிமருந்து கலக்கிறார் என்று சொல்லி, வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்தியிருக்கிறான். விடியற்காலையில் மடை திறக்கப் போனவரின் தோளில் மண்வெட்டியால் வெட்டினான். அவர் பிழைத்துக்கொண்டார். வெட்டிய பிறகு வாய்க்காலில் மண்வெட்டியை அலசி, வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு, ஆள் வரும்வரை அங்கேயே குந்தியிருந்தான்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84, 85, 86 ஆகிய பிரிவுகள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 22, 23, 24 ஆகியிருக்கின்றன. செய்யும் செயலின் தன்மையையோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ சித்த சுவாதீனம் இல்லாததால் அறிய முடியாதவனுக்கு முதற்பிரிவு விலக்கு அளிக்கிறது. போதையால் அப்படி ஆனவனுக்கோ, அந்தப் போதைப்பொருள் அவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ கொடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அடுத்த பிரிவு கைகொடுக்கும். தானாகப் போதை ஏற்றிக்கொண்டவனுக்குத் தெளிந்த மனிதனுக்கு உள்ள அறிவு இருந்ததாகவே சட்டம் கொள்ளும். 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாஸ்தேவ் வழக்கில், கல்யாண விருந்தில் இடம்விட்டு நகராத சிறுவனைக் குடிபோதையில் சுட்ட ஓய்வுபெற்ற ஜமேதாருக்கு அந்த வாதம் உதவவில்லை. உதவியிருக்கவும் கூடாது என்பதே என் எண்ணம்.

நம் பையன் நிலை வேறு. சம்பவத்துக்கு முந்தைய நான்கு நாட்களாக அவன் புகைக்கவே இல்லை, காசும் இல்லை என்கிறார் தாயார். அப்படியானால் வெட்டியது போதையா, போதை விட்டுச்சென்ற நோயா? குடிவெறி ஒன்று, குடி கொண்டுவந்து சேர்க்கும் நோய் வேறொன்று என்ற பிரிவினையை இங்கிலாந்தில் 1881-லேயே ஒரு நீதிபதி செய்துவிட்டார். நம்முடைய 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆயினும் மருத்துவம் நோய் என்பதெல்லாம் குற்றவியல் நீதிமன்றத்தில் விலக்கு ஆகிவிடாது. வெட்டிய அந்த நிமிடத்தில் அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே கேள்வி. அதை நிரூபிக்கும் சுமை நம்முடையது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, உரிமையியல் வழக்கின் அளவுக்கு இருந்தால் போதும் என்று 1964-இல் தாஹ்யாபாய் வழக்கில் சொன்னார்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் நடந்ததையும் பார்க்க வேண்டும் என்பது அதே தீர்ப்பு.

அந்தப் ‘பின்னும்’தான் எனக்குத் தலைவலி. மண்வெட்டியைக் கழுவியது தடயத்தை அழிக்கத்தான், ஆகவே செய்தது தவறென்று அவனுக்குத் தெரியும் என்கிறது அரசுத் தரப்பு. வேலை முடிந்ததும் மண்வெட்டியை அலசாமல் கரையேறுகிற ஆளை நம் பக்கத்தில் நீ பார்த்திருக்கிறாயா? சித்தப்பாவையே கேட்டேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “சின்னதிலேர்ந்து நான்தாங்க பழக்கினேன்” என்றார். குறுக்கு விசாரணையில் இதை அவர் வாயால் வரவழைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 22-ஆம் பிரிவில் விடுதலையானாலும் அவன் மறுநாளே தெருவுக்கு வந்துவிட மாட்டான். பாதுகாப்பான காவலில் வைக்கவோ, தகுந்த பிணையின் பேரில் உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடும். அப்படிக் கேட்டு மனுப் போட யார் முன்வருவார்கள் என்று பார்த்தால், அதற்கும் சித்தப்பாதான் தயாராக இருக்கிறார்.

உன்னிடம் கேட்பது இதுதான். சிறை மருத்துவரின் குறிப்புகளில், கஞ்சாவுக்கு வழியே இல்லாத ஆறாவது வாரத்திலும் அவன் சாப்பாட்டை முகர்ந்து பார்த்து ஒதுக்கியதாக இருக்கிறது. போதையால் வரும் மனப்பிறழ்வு பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தெளியும், தெளியாவிட்டால் மனச்சிதைவை யோசிக்க வேண்டும் என்று நீ முன்பு சொன்னது நினைவிருக்கிறது. அந்தக் குறிப்புகளைப் படித்து, நிபுணர் சாட்சியிடம் நான் என்ன கேட்கலாம், எதைக் கேட்டால் வழக்கு கெடும் என்று சொல். நகல்களோடு சனிக்கிழமை காலைப் பேருந்தில் திருச்சிக்கு வருகிறேன். வாய்தா அடுத்த வியாழக்கிழமை.

அன்புடன்,
வைத்தியநாதன்