உயிருடன் இருக்கும் எனக்குரிய ஓய்வூதியத்தை விடுவிக்கக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற பகுதி சுகாதார செவிலியர்
(பெயர், ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.) எண், முகவரி இணைப்பில்)
தற்போது மகள் வீட்டில், கொலம்பஸ், ஒஹையோ மாநிலம், அமெரிக்கா

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கருவூல அலுவலர் அவர்கள்

பொருள்: ஆண்டு நேர்காணல் – வெளிநாட்டில் வசிக்கும் ஓய்வூதியர் – வாழ்வுச் சான்று அனுப்பியும் 2025 செப்டம்பர் முதல் ஓய்வூதியம் நிறுத்தம் – 31.03.2026-க்குள் விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சார்நிலைக் கருவூலத்துக்கு நான் அனுப்பிய மனுக்கள், நாள் 21.07.2025, 06.10.2025, 01.12.2025. மூன்றுக்கும் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வேலைப்பளு தெரிந்தும் தங்களுக்கே நேராக எழுத வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன். பொறுத்தருள வேண்டும். கீழே இருப்பவற்றை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டு, என் கோப்பை எடுத்து வரச் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் 1984-இல் கிராம சுகாதார செவிலியராகப் பணியில் சேர்ந்து, 30.06.2012 அன்று பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றேன். தாங்கள் ஆய்வுக்கு வரும் நம் சார்நிலைக் கருவூலத்திலிருந்து ஏரிக்கரை வழியாகப் போனால் பழைய துணை சுகாதார நிலையம் வரும். ஓடு சரிந்து இப்போது பூட்டிக் கிடக்கும் அந்தக் கட்டடத்தில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அதற்கு இரண்டு வீடு தள்ளி என் அக்கா இருக்கிறார். வயது 81.

2. உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் நேர்காணலை 2024 ஜூனில் ஊரிலேயே முடித்தேன். தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய் வாங்கிக்கொண்டு, கைரேகைக் கருவியைத் திண்ணையில் வைத்தார். வலது கட்டைவிரல் பதியவில்லை, இடது கட்டைவிரலும் பதியவில்லை. இடது மோதிர விரல்தான் கடைசியில் பதிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கிரீன் கார்டு கிடைத்து மகளிடம் வந்துவிட்டேன். நான் இன்றும் இந்தியக் குடிமகள்தான்.

3. 2025 ஜனவரியில் வீட்டு வாசலில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, பிறகு மறுவாழ்வு மையத்தில் பல வாரங்கள். அந்தக் குழப்பத்தில் என் இந்திய செல்போன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய யாருக்கும் நினைவு வரவில்லை. எண் போய்விட்டது. ஐயா, ஒரு செல்போன் எண் போனால் மனுஷியே போனமாதிரி என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆதாரில் இருப்பது அந்த எண். வங்கியில் இருப்பதும் அதுதான். ஜூன் மாதம் நேர்காணலுக்காக மகள் உட்கார்ந்து முயன்றபோது, ஓடிபி அனுப்பியாயிற்று என்று திரையில் வருகிறது, கையில் ஒன்றும் வரவில்லை. சந்தேகப்பட்டு அந்த எண்ணுக்கே அழைத்துப் பார்த்தோம். யாரோ ஒரு பையன் எடுத்தான். "ஆமாம்மா, ஏதேதோ நம்பர் வந்துட்டே இருக்கு, இந்த சிம் புதுசா வாங்கினது" என்றான். நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. ஆதாரில் எண்ணை மாற்ற வேண்டுமானால் மையத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள். முகத்தைக் காட்டிப் பதியும் செயலியையும் நான்கு நாள் முயன்றோம், முடியவில்லை.

4. ஆகவே விதியில் உள்ள இன்னொரு வழிக்கு வந்தோம். வெளிநாட்டில் வசிக்கும் ஓய்வூதியர், அந்நாட்டு நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் அல்லது இந்தியத் தூதரக அலுவலர் முன்பு வாழ்வுச் சான்றில் கையொப்பமிட்டு அனுப்பலாம் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒஹையோவுக்கான துணைத் தூதரகம் நியூயார்க்கில் இருக்கிறது. காரில் 9 மணி நேரம். அப்போது என்னால் 20 நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. அதனால் நோட்டரியிடம் போனோம்.

அந்த நோட்டரி இளைஞர், படிவத்தை முழுதும் படித்துவிட்டு என் மகளிடம் ஒன்று சொன்னார். இந்த நாட்டில் நோட்டரிக்கு "இவர் உயிருடன் இருக்கிறார்" என்று சான்று தரும் அதிகாரம் கிடையாதாம். இவர் என் முன்னே வந்தார், அடையாளம் காட்டினார், சத்தியம் செய்து கையெழுத்திட்டார் என்று மட்டும்தான் எழுத முடியுமாம். சரி என்றேன். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, "நான் உயிருடன் இருக்கிறேன்" என்று சத்தியம் செய்தேன். என் பாஸ்போர்ட் எண்ணை எழுதி, முத்திரையிட்டு, தன் அதிகாரம் என்றைக்குக் காலாவதியாகிறது என்பதையும் குறித்துக் கொடுத்தார். 2025 ஜூன் மாதத்துக்குள்ளேயே பதிவுத் தபாலில் அனுப்பினோம். வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி என்னிடம் இருக்கிறது.

5. செப்டம்பரில் ஓய்வூதியம் வரவில்லை. மகள் இரவெல்லாம் விழித்திருந்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஒரு நாள் "செக்‌ஷன் கிளார்க் லீவு". ஒரு நாள் "சிஸ்டத்தில் நேர்காணல் செய்யாதவர் என்று காட்டுகிறது". இன்னொரு நாள், என் சான்று மேசையில்தான் இருக்கிறது என்றும், ஆனால் அதில் "உயிருடன் உள்ளார்" என்று நோட்டரி எழுதவில்லை, நபர் ஆஜரானார் என்று மட்டும் எழுதியிருக்கிறார், அதனால் ஏற்க முடியாது என்றும் சொன்னார்கள்.

ஆஜரானவர் உயிருடன் இல்லாமல் எப்படி ஐயா ஆஜராக முடியும்?

மன்னிக்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். சான்று ஏற்கத்தக்கதல்ல என்றால், ஏற்க முடியாது, இன்ன வாசகம் வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. அடுத்த வாரமே அந்த வாசகத்தோடு அனுப்பியிருப்பேனே. போனில் சொன்னதை எழுத்தில் தாருங்கள் என்று அக்டோபரில் கேட்டேன், டிசம்பரில் கேட்டேன். தரவில்லை.

6. இனி எழுதப்போவதுதான் என்னை உறங்க விடாமல் செய்வது. ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்துதான் அக்காவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம் போகும். அக்கா படுத்த படுக்கை. நவம்பரில் கணக்கில் பணம் இல்லை என்றதும் அந்தப் பெண் விசாரிக்கப் போயிருக்கிறாள். பென்ஷன் நின்றுவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பென்ஷன் நின்றால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏரிக்கரைத் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுநாள் காலை மாலையோடு நான்கு பேர் என் அக்கா வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் போனவளை அங்கேயே எரித்துவிட்டார்கள், தனக்கு மறைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தகவல் எங்களுக்கு வந்து, பக்கத்து வீட்டுப் பையன் போனில் என் முகத்தைக் காட்டியபோது, அவர் நம்பவில்லை. "இது பழைய வீடியோ" என்றார். சின்ன வயதில் அவர் என்னைக் கூப்பிடும் பேரைச் சொல்லி, எங்கள் அம்மாவின் மூக்குத்தியை நான் கிணற்றில் தவறவிட்டதைச் சொன்ன பிறகுதான் அழுதார்.

ஐயா, 28 வருடம் அந்த வட்டாரத்தில் பிறப்பும் இறப்பும் கணக்கெடுத்தவள் நான். எந்த வீட்டில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று வீடு வீடாக நடந்து பதிவேட்டில் ஏற்றியவள். மழையில் நனைந்துவிடக் கூடாது என்று அந்தப் பதிவேட்டைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒரு உயிரையும் விடவில்லை, ஒரு உயிரையும் தவறாக எழுதவில்லை. என்னை இப்படி எழுதிவிட்டார்களே.

சம்பளம் நின்றதால் அந்தப் பெண் டிசம்பரில் வேலையை விட்டுப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். இப்போது தெருக்காரர்கள் முறை வைத்து அக்காவுக்குக் கஞ்சி கொடுக்கிறார்கள். முதுகில் புண் வந்திருக்கிறது. படுக்கைப் புண் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், எத்தனை பேருக்குத் துடைத்துக் கட்டியிருக்கிறேன். என் சொந்த அக்காவுக்கு, என் சொந்தப் பணம் கருவூலத்தில் இருக்கும்போது, என்னால் ஆள் வைக்க முடியவில்லை. மகள் அனுப்புகிறேன் என்கிறாள், அனுப்பவும் செய்கிறாள். ஆனால் எனக்கு இங்கே அரசு மருத்துவக் காப்பீடும் கிடையாது. கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகுதான் மெடிகேர் என்னும் அந்தக் காப்பீட்டில் பணம் கட்டியாவது சேர முடியும். அதுவரை எனக்காகும் தனியார் காப்பீடும் அவள் தலையில்தான்.

7. நேரில் வாருங்கள் என்கிறார்கள். வர முடிந்தால் வரமாட்டேனா?

8. வெளிநாட்டில் இருந்துகொண்டு விதிகளுக்கு அடங்காதவள் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. இங்கே வீடு மாறினால் 10 நாளைக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மகள் வீடு மாறியபோது நானும் தெரிவித்தேன், ஆன்லைனில் பத்து நிமிடம், உடனே ரசீது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் என் ஓய்வூதியத்தையும் காட்டுகிறேன். இந்தியாவிலுள்ள வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஏதேனும் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால் அதற்கும் தனி அறிக்கை உண்டு. ஊரில் வங்கிக்கும் வெளிநாட்டில் வசிப்பவள் என்று எழுதிக்கொடுத்து, கணக்கை அதற்கேற்ற வகைக்கு மாற்றிக்கொண்டேன். எதையும் மறைக்கவில்லை.

9. மார்ச் 31 என்று தேதி குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு மாதம் 36,000 ரூபாய். 12 மாதத்துக்கு 4,32,000. வரிக் கணக்கில் எல்லா ஓய்வூதியருக்கும் உள்ள நிலைக்கழிவு 75,000 போனால் 3,57,000. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை என்பதால் எனக்கு வரியே வராது. ஆனால் வரிப் பிடித்தம் பணம் பட்டுவாடா ஆகும்போதுதான் நடக்கிறது. விடுவிப்பு ஏப்ரலுக்குத் தள்ளிப்போனால், நின்ற 7 மாதமும் அடுத்த 12 மாதமும் ஒரே ஆண்டில் சேர்ந்து 6,84,000 ஆகும். கழிவு போக 6,09,000. ஊரில் இருப்பவருக்கு 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அதற்கும் வரி இல்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. இப்போதைய விகிதத்தில் 10,868 ரூபாய் பிடித்துவிடுவார்கள். பிறகு அது நிலுவைத் தொகை என்று நிரூபித்து நிவாரணம் கேட்டு, கணக்குத் தாக்கல் செய்து, திரும்ப வாங்க வேண்டும். அதற்கு உள்நுழையவும் ஓடிபி. அந்த ஓடிபி அந்தப் பையனுக்குத்தான் போகும்.

என்னால் வந்த தாமதம் இல்லை இது. அதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?

10. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ. 2025 ஜூனில் அனுப்பிய நோட்டரி சான்றை ஏற்று, நேர்காணல் முடிந்ததாகப் பதிய உத்தரவிட வேண்டும்.

ஆ. அதை ஏற்க இயலாது என்றால், எந்த விதியின்படி, எந்த வாசகம் வேண்டும் என்று எழுத்தில் தர வேண்டும். எழுத்தில், ஐயா. போனில் வேண்டாம். அதோடு, நியூயார்க் துணைத் தூதரகத்தில் பெறும் சான்றையாவது ஏற்பீர்கள் என்று இப்போதே உறுதி சொல்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு 9 மணி நேரம் படுத்தபடியே போகிறேன். போய் வந்த பிறகு அதிலும் ஒரு வார்த்தை குறைகிறது என்று சொல்லிவிடாதீர்கள்.

இ. செப்டம்பர் முதல் நின்ற தொகையை மார்ச் 31-க்குள் விடுவிக்க வேண்டும்.

ஈ. இது கோரிக்கை அல்ல, கெஞ்சல். தாங்கள் அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போகும் நாளில், ஏரிக்கரைத் தெருவில் என் அக்கா வீட்டுக்கு ஒரு ஊழியரை அனுப்பி, உங்கள் தங்கை உயிரோடுதான் இருக்கிறார், பென்ஷன் வந்துவிடும் என்று அரசு ஆள் வாயால் சொல்ல வையுங்கள். நான் சொல்வதை விட அதைத்தான் அவர் நம்புவார்.

தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கவும், மேல்முறையீடு செய்யவும் எனக்குத் தெரியும். அதே அரசில் 28 வருடம் வேலை பார்த்தவள் என்பதால் அந்த வழியில் போக மனம் வரவில்லை. தயவுசெய்து அங்கே என்னைத் தள்ளாதீர்கள். என் ஓய்வூதியத்தை விடுவியுங்கள்.

தங்களுக்குச் சந்தேகம் இருந்தால் வீடியோ அழைப்பில் என்னைப் பார்க்கலாம். மகளின் எண் இணைப்பில் உள்ளது. தங்கள் அலுவலகத்தில் காலை 10 மணி என்றால் இங்கே முந்தைய நாள் இரவு 11.30. இந்த மனு தங்கள் கைக்கு வரும் நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் 2 மணி வரை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

கொலம்பஸ்
09.02.2026

இணைப்பு: நோட்டரி வாழ்வுச் சான்றின் நகல், தபால் அத்தாட்சி, முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், பாஸ்போர்ட் நகல், இன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி எடுத்த என் புகைப்படம்.